‘மக்கும்’ என்று அட்டையில் போட்ட சலவைத்தூள் நீரிலும் மண்ணிலும் என்ன ஆகிறது?

தோட்டக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். துணி துவைத்த நீரை வீணாக்க மனமில்லாமல் மூன்று ஆண்டுகளாக அதைத் தோட்டத்துக்கே பாய்ச்சி வருகிறேன். நான் வாங்கும் தூளின் அட்டையில் ‘உயிரியல் முறையில் மக்கக்கூடியது’ என்று அச்சிட்டிருப்பதை நம்பித்தான் இதைத் தொடங்கினேன். முதல் ஆண்டில் எந்தக் குறையும் கண்ணில் படவில்லை. இப்போது அந்த நீர் பாயும் பாத்தியில் மட்டும், மண் காய்ந்ததும் மேற்பரப்பு ஓடு போல இறுகிக்கொள்கிறது. நீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் வெகுநேரம் தேங்கி நிற்கிறது. அங்கே நிற்கும் எலுமிச்சைச் செடியின் முதிர்ந்த இலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகி, பிறகு விளிம்பு கருகுகின்றன. நல்ல நீர் பாயும் பக்கத்துப் பாத்தியில் இவற்றில் ஒன்றும் இல்லை. மக்கிப்போகும் பொருள்தான் ஊற்றினேன் என்றால், மண் ஏன் இப்படி ஆனது?

நீராய்வாளர்

நண்பரே, அந்த ஒரு சொல்லிலிருந்தே தொடங்க வேண்டும். அட்டையில் உள்ள ‘மக்கும்’ என்ற சொல் பெரும்பாலும் தூளில் உள்ள பரப்புச் செயலியை மட்டுமே குறிக்கிறது. அழுக்கைத் துணியிலிருந்து பெயர்த்தெடுக்கும் மூலக்கூறு அதுதான். அதன் ஒரு முனை நீரை நாடும், மறுமுனையான நீண்ட கார்பன் வால் எண்ணெயை நாடும். தூளின் எடையில் அது சிறுபங்குதான். மீதியில் சோடியம் கார்பனேட், சோடியம் சல்பேட், நீரின் கடினத்தன்மையைப் போக்கும் ஜியோலைட் அல்லது பாஸ்பேட், வெளுப்பான், ஒளிர்ப்பான், நொதி, நறுமணம் எனப் பலவும் அடங்கும். சோடியமும் பாஸ்பரஸும் போரானும் தனிமங்கள். எந்த நுண்ணுயிராலும் ஒரு தனிமத்தை மக்கச் செய்ய முடியாது. அது இடம் மாறும், வடிவம் மாறும், ஆனால் இல்லாமல் போகாது.

பரப்புச் செயலியைப் பொறுத்தவரை அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோப்பின் இடத்தைப் பிடித்தவை, கிளைத்த கார்பன் வால் கொண்ட அல்கைல் பென்சீன் சல்போனேட்டுகள். பாக்டீரியா இவ்வகை வாலை அதன் நுனியில் பிடித்து, இரண்டிரண்டு கார்பன்களாகக் கடித்துக்கொண்டு வரும். வாலில் கிளைகள் இருந்தால் அந்தக் கடி அங்கேயே தடைப்பட்டுவிடும். அதனால் 1950களில் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் நுரை மலைபோல் எழுந்தது. சுத்திகரிப்பு நிலையங்களின் தொட்டிகளையே நுரை மூடியது. ஜெர்மனி 1961-இல் சட்டம் இயற்றி, 1964 முதல் குறைந்தது 80 விழுக்காடு சிதைய வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. அமெரிக்கத் தொழில்துறை 1965-இல் நேர்கோட்டு வால் கொண்ட வகைக்கு மாறியது. இன்று பெரும்பாலான தூள்களில் இருப்பது அந்த நேர்வால் வகைதான், நாங்கள் சுருக்கமாக எல்.ஏ.எஸ். என்போம்.

இன்றைய சோதனைமுறையில், பொருளை நுண்ணுயிர்களோடு காற்றோட்டமான நீரில் வைத்து, 28 நாள்களுக்குள் அதன் கார்பனில் 60 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடாக மாறினால் தேர்ச்சி. காற்றோட்டமான நீர் என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். உங்கள் பாத்தியின் இறுகிய களிமண்ணுக்குள் அந்த நிலை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மண்வாசனை

தோட்டக்காரன் விவரித்த இரண்டு அறிகுறிகளும் இரண்டு வெவ்வேறு கதைகள் என்று நினைக்கிறேன். இறுகிய மண் சோடியத்தின் வேலை. கருகும் இலை போரானாகவோ உப்பாகவோ இருக்கலாம்.

களிமண் துகள்கள் நுண்ணிய தகடுகள். அவற்றின் பரப்பில் எதிர்மின்சுமை இருக்கும். கால்சியமும் மக்னீசியமும் இரட்டை நேர்மின்சுமை கொண்டவை என்பதால் தகடுகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்து, மண்ணைச் சிறுசிறு கட்டிகளாக வைத்திருக்கின்றன. அந்தக் கட்டிகளுக்கு இடையிலான சந்துகளில்தான் நீரும் காற்றும் போய்வருகின்றன. ஒற்றைச் சுமை கொண்ட சோடியம், நீரை உடலெங்கும் போர்த்திக்கொண்டு வந்து கால்சியத்தின் இடத்தில் உட்கார்ந்தால் அந்தப் பிடி தளர்கிறது. நனைந்ததும் தகடுகள் பிரிந்து சந்துகளை அடைக்கின்றன, காய்ந்ததும் ஓடாகின்றன. சலவைத்தூளில் உள்ள கார்பனேட் இதை இன்னும் கெடுக்கிறது, ஏனெனில் அது மண்ணில் எஞ்சியிருக்கும் கால்சியத்தையும் சுண்ணாம்புக் கல்லாக வீழ்படியச் செய்துவிடும். ஆகவே சோடியத்துக்கு எதிரி இல்லாமல் போகிறது.

இதை நீங்களே பார்க்கலாம். பாதிக்கப்பட்ட பாத்தியிலிருந்து பொடித்த மண் இரண்டு கரண்டியும், நல்ல பாத்தியிலிருந்து அதே அளவும் எடுத்து, இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் போட்டு, மழைநீர் அல்லது வடிநீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி, ஓர் இரவு அசையாமல் வைத்துவிடுங்கள். கால்சியம் நிறைந்த மண் அடியில் படிந்து, மேலே நீர் தெளிந்திருக்கும். சோடியம் ஏறிய மண்ணின் நீர் விடிந்த பிறகும் பால் கலந்த காப்பி போலக் கலங்கியே நிற்கும். இந்தச் சோதனையை எந்த ஆய்வக அறிக்கைக்கும் முன்னால் செய்து பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் மன்றாடுவேன், ஏனெனில் மண் சிதைவதைக் கண்ணால் கண்டவர் பிறகு அதை மறக்கமாட்டார்.

இலைகளைப் பற்றி ஒரு சொல். பழைய சலவைத்தூள்களில் வெளுப்பானாக சோடியம் பெர்போரேட் இருக்கும். எலுமிச்சை இனம் போரானை மிகவும் குறைவாகவே தாங்கும். பாசன நீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் தாண்டினாலே அதற்கு ஆபத்து. போரான் நீரோடு ஏறி இலை நுனியில் தங்கிச் சேர்வதால் முதிர்ந்த இலைகளின் நுனியில்தான் முதலில் தெரியும். பல தயாரிப்புகள் இப்போது பெர்கார்பனேட்டுக்கு மாறிவிட்டன. அது சோடாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தது, அதில் போரான் இல்லை. உங்கள் அட்டையில் எது இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

சலவைக்கூடம்

நான் பல ஆண்டுகளாகத் துணி வெளுக்கும் தொழிலில் இருக்கிறேன். இந்த இழை போகும் போக்கைப் பார்த்தால் சலவைத்தூள் என்றாலே நஞ்சு என்ற எண்ணம் புதியவர்களுக்கு வந்துவிடும். நன்றாக நடக்கும் சுத்திகரிப்பு நிலையம் எல்.ஏ.எஸ்.-இல் 95 விழுக்காட்டுக்கும் மேல் நீக்கிவிடுகிறது என்பது பலமுறை அளந்து உறுதிசெய்யப்பட்டது. தூய்மையான துணி நோயைக் குறைத்த நன்மையையும் இதோடு சேர்த்து எண்ண வேண்டாமா?

நீராய்வாளர்

நீங்கள் சொன்ன அளவு சரியானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ‘நீக்கப்பட்டது’ என்பதும் ‘சிதைந்தது’ என்பதும் ஒன்றல்ல என்பதை எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்போம். நீரிலிருந்து மறைந்த எல்.ஏ.எஸ்.-இல் ஒரு பகுதி கசடில் ஒட்டிக்கொண்டு கீழே போகிறது. வால் நீளமாக இருக்க இருக்க இந்த ஒட்டும் குணமும் கூடும், மீனுக்கான நச்சுத்தன்மையும் கூடும். அந்தக் கசடை ஆக்சிஜன் இல்லாத தொட்டியில் செரிக்க வைக்கும்போது எல்.ஏ.எஸ். கிட்டத்தட்ட அப்படியே தங்கிவிடுகிறது, ஏனெனில் அதன் வாலில் பாக்டீரியா வைக்கும் முதல் கடிக்கே ஆக்சிஜன் தேவை. இதனால்தான் செரித்த கசடில் அது உலர் எடையில் கிலோவுக்குப் பல கிராம் அளவுக்குக் காணப்படுகிறது. வயலில் கொட்டும் கசடுக்கு டென்மார்க் கிலோவுக்கு 2,600 மில்லிகிராம் என்ற வரம்பை வைத்து, பின்னர் அதை 1,300 ஆகக் குறைத்தது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே கசடைக் காற்றோட்டமுள்ள மண்ணில் கலந்தால் எல்.ஏ.எஸ். மீண்டும் சிதையத் தொடங்குகிறது. அதன் அரைவாழ்வுக் காலம் ஏறக்குறைய ஒன்று முதல் மூன்று வாரம்தான். ஆகவே அந்த மூலக்கூறு நல்லதா கெட்டதா என்று கேட்பதைவிட, அது எங்கே போய்ச் சேர்ந்தது, அங்கே ஆக்சிஜன் இருந்ததா, எவ்வளவு நேரம் கிடைத்தது என்று கேட்பதே சரி. காற்றோட்டமான ஆற்றில் சில நாள்களில் மறையும் பொருள், ஆற்றடிச் சேற்றில் புதைந்தால் நெடுங்காலம் கிடக்கும். சுத்திகரிப்பே இல்லாமல் ஓடைக்குள் திறந்துவிடப்படும் சலவைநீரின் கணக்கு முற்றிலும் வேறு. அங்கே மீன் அதைச் சந்திப்பது சிதைவுக்குப் பிறகு அல்ல, சிதைவுக்கு முன்பு.

அந்தச் சந்திப்பு எப்படி இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். தூய நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். சலவைநீரில் அது பாதிக்கும் கீழே, 30-ஐ ஒட்டி இறங்கிவிடும். துணிநாரின் இடுக்கில் நுழைய உதவும் அதே குணம், மீனின் செவுளைப் போர்த்தியிருக்கும் வழவழப்புப் படலத்தைக் கரைத்து, அதன் அடியில் உள்ள மெல்லிய திசுவை வீங்கச் செய்கிறது. அதனால் நீரில் ஆக்சிஜன் இருந்தும் மீனுக்கு மூச்சுத் திணறும். லிட்டருக்குச் சில மில்லிகிராம் எல்.ஏ.எஸ். இருந்தாலே பல மீனினங்களின் உயிருக்கு ஆபத்து.

கரிமவேதி

மூலப்பொருள் மறைந்ததா என்று மட்டும் பார்ப்பவர்களுக்கு நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட்டின் கதையைச் சொல்லாமல் இந்த இழையை விட எனக்கு மனம் வரவில்லை. மின்சுமையற்ற இந்தப் பரப்புச் செயலி மலிவானது, எண்ணெய்ப் பிசுக்கை அருமையாக எடுக்கும். ஆலைகளில் கம்பளியும் நூலும் கழுவ இதைப் பெருமளவு பயன்படுத்தினார்கள். நுண்ணுயிர்கள் இதன் நீர்நாடும் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகக் கழற்றிவிடுகின்றன. மூலப்பொருளை மட்டும் அளந்தால் ‘சிதைந்துவிட்டது’ என்று மகிழ்ச்சியாக எழுதிக்கொள்ளலாம். ஆனால் சங்கிலி கழன்ற பின் எஞ்சும் நோனைல்ஃபீனால், மூலப்பொருளைவிட நச்சு மிகுந்தது, நீரில் கரைய விரும்பாதது, சேற்றிலும் கொழுப்பிலும் ஒட்டுவது. போதாக்குறைக்கு அது பெண்மை இயக்குநீரான ஈஸ்ட்ரோஜனைப் போல நடிக்கிறது.

இந்த நடிப்பு வெளிப்பட்ட விதமே வியப்பானது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அனா சோட்டோவும் கார்லோஸ் சோனன்ஷைனும் மார்பகப் புற்றுச் செல்களை வளர்த்துக்கொண்டிருந்தபோது, ஈஸ்ட்ரோஜன் சேர்க்காத குழாய்களிலும் செல்கள் பெருகின. காரணத்தைத் தேடிப் போனவர்கள், பிளாஸ்டிக் குழாயிலிருந்தே நோனைல்ஃபீனால் கசிவதைக் கண்டுபிடித்து 1991-இல் வெளியிட்டார்கள். அதே பத்தாண்டில் இங்கிலாந்தின் ஏர் ஆற்றில், கம்பளி கழுவும் ஆலைக் கழிவு கலக்கும் இடத்துக்குக் கீழே வைக்கப்பட்ட ஆண் மீன்களின் இரத்தத்தில், பெண் மீன் மட்டுமே முட்டைக்காகச் சுரக்க வேண்டிய மஞ்சள்கருப் புரதம் ஏறியிருந்தது. அவற்றின் விந்தகம் வளர்ச்சி குன்றியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் சலவைப் பொருள்களில் இதன் அளவை 0.1 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தியது. ஆனாலும் வேறு நாடுகளில் இதைக் கொண்டு கழுவி நெய்த துணி இறக்குமதியாகி, வீட்டில் முதல் சலவையிலேயே எச்சத்தை நீரில் விட்டுக்கொண்டிருந்தது. அந்த ஓட்டையை அடைக்க, துவைக்கத்தக்க துணிகளுக்கும் 2021-இல் வரம்பு வந்தது.

ஒரு வேதிப்பொருளைச் சந்தைக்கு அனுப்பும் முன் அதன் எச்சங்களின் குணத்தையும் சோதிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ‘காணாமல் போனது’ என்ற அளவீட்டோடு நிறுத்திக்கொண்டதற்கு அந்த மீன்கள் விலை கொடுத்தன.

ஏரிக்கரை

பாஸ்பேட்டைப் பற்றி இதுவரை ஒருவரும் விரிவாகச் சொல்லவில்லை. நான் ஏரிகளோடு வாழ்பவன், ஆகவே நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோடியம் டிரைபாலிபாஸ்பேட் நல்ல வேலைக்காரன். கடினநீரின் கால்சியத்தைக் கட்டிப்போட்டு, பரப்புச் செயலியைத் தன் வேலையைச் செய்ய விடும். தனக்கென்று நச்சுத்தன்மையும் அதிகம் இல்லை. அதன் குற்றம் அது உரம் என்பதே. 1960களின் இறுதியில் வட அமெரிக்காவின் ஈரி ஏரி பாசியால் திணறியபோது, பாஸ்பரஸ்தான் காரணம் என்பதைச் சலவைத்தூள் தொழில்துறை ஏற்கவில்லை. கார்பன்தான் பாசியை வளர்க்கிறது என்ற வாதமும் வைக்கப்பட்டது. 1973-இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் டேவிட் ஷிண்ட்லரின் குழு, 226 என்று எண்ணிட்ட சிறிய ஏரியை அதன் இடுப்பில் நெகிழித் திரையால் இரண்டாகத் தடுத்தது. இரு பாதிகளிலும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். ஒரு பாதியில் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்த்த பாதி நீலப்பசும்பாசியால் பச்சைக் குழம்பாக மாறியது. மற்றப் பாதி தெளிவாகவே இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்த ஒரு படம், பல நூறு பக்க அறிக்கைகள் செய்ய முடியாததைச் செய்தது. சுவிட்சர்லாந்து 1986-இல் துணி துவைக்கும் பொருள்களில் பாஸ்பேட்டைத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013 ஜூன் 30 முதல், ஒரு சலவைக்கான அளவில் பாஸ்பரஸ் 0.5 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்றது.

அரை கிராமுக்கா இத்தனை சட்டம் என்று தோன்றலாம், கணக்கைப் பாருங்கள். டிரைபாலிபாஸ்பேட்டின் எடையில் நான்கில் ஒரு பங்கு பாஸ்பரஸ், ஆகவே அதில் நான்கு கிராம் எடுத்தால் ஒரு கிராம் பாஸ்பரஸ் கிடைக்கும். பாசியின் உடலில் 106 கார்பன் அணுக்களுக்கு ஒரே ஒரு பாஸ்பரஸ் அணு போதும். அந்த விகிதத்தில் ஒரு கிராம் பாஸ்பரஸ் நூறு கிராமுக்கும் மேற்பட்ட உலர் பாசியை வளர்க்கும். அந்தப் பாசி இறந்து அடியில் அழுகும்போது ஏறக்குறைய 140 கிராம் ஆக்சிஜனை உறிஞ்சும். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருப்பது எட்டு மில்லிகிராமை ஒட்டிய ஆக்சிஜன்தான். எனவே நான்கு கிராம் டிரைபாலிபாஸ்பேட், சுமார் 17,000 லிட்டர் நீரின் மூச்சை நிறுத்தப் போதுமானது. அதிகாலையில் மீன்கள் நீர்ப்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்டவனுக்கு இது வெறும் கணக்காகத் தெரியாது.

நியாயத்துக்காக ஒன்று: ஏரிக்கு வரும் பாஸ்பரஸில் வயல் உரமும் மனிதக் கழிவும் பெரும்பங்கு வகிக்கின்றன. சலவைத்தூளை மட்டும் திருத்திவிட்டால் எல்லா ஏரியும் தெளிந்துவிடாது. ஆனால் மாற்றுப்பொருள் கைவசம் இருக்கும் ஒரே பங்கு அதுதான் என்பதால், முதலில் அதை நிறுத்துவதே அறிவு.

சலவைக்கூடம்

ஏரிக்கரை அவர்களின் கணக்கு என்னை உலுக்கிவிட்டது என்று ஒப்புக்கொள்கிறேன். ஜியோலைட் கலந்த தூளுக்கு மாறியபோது வெண்துணி சற்று மங்குவதாக வாடிக்கையாளர்கள் குறைசொன்னார்கள், அவ்வளவுதான். அதுவும் அளவையும் நீரின் வெப்பத்தையும் சரிசெய்ததும் நின்றுவிட்டது. தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்கிறேன். பெரும்பாலானோர் அட்டையில் சொன்னதைவிடக் கூடுதலாகவே தூள் போடுகிறார்கள். மென்னீரில் அதில் பாதி கூடத் தேவைப்படாது.

புதுவாசகி

எல்லாவற்றையும் படித்தேன், மிக்க நன்றி. எனக்கு இரண்டு ஐயங்கள். ஓடையில் நுரை தெரிந்தால் அது சலவைத்தூள்தான் என்று முடிவுசெய்யலாமா? தாவரத்திலிருந்து எடுத்த இயற்கைச் சலவைப் பொருளுக்கு மாறினால் இந்தத் தொல்லைகள் எல்லாம் தீர்ந்துவிடுமா?

நீராய்வாளர்

இரண்டுக்கும் ‘இல்லை’ என்பதே விடை, ஆனால் வெவ்வேறு காரணங்களால்.

இலைதழை அழுகிய நீரில் உள்ள மட்குப் பொருள்களும் புரதங்களும் கூட அருவிக்கடியில் நுரைக்கும். அதனால் நாங்கள் கண்ணை நம்புவதில்லை. நீர் மாதிரியைப் பிரிபுனலில் எடுத்து, மெத்திலீன் நீலச் சாயத்தையும் குளோரோஃபார்மையும் சேர்த்துக் குலுக்குவோம். இந்தச் சாயம் தானாகக் குளோரோஃபார்முக்குள் போகாது. எதிர்மின்சுமை கொண்ட பரப்புச் செயலியோடு ஜோடி சேர்ந்தால்தான் போகும். குலுக்கி நிறுத்தியதும் கீழே தங்கும் குளோரோஃபார்ம் அடுக்கு நிறமற்றிருந்தால் நிம்மதி; வெளிர்நீலத்திலிருந்து கருநீலம் வரை ஏற ஏற, மாசும் ஏறியிருக்கிறது. அந்த நீலத்தை 652 நானோமீட்டர் ஒளியில் அளந்து எண்ணாக எழுதுவோம். களத்தில் இன்னொரு வழியும் உண்டு. ஒளிர்ப்பான் கலக்காத பஞ்சுத் துண்டை ஓடையில் சில நாள்கள் கட்டிவைத்துவிட்டு, இருட்டில் புற ஊதா விளக்கின் கீழே பாருங்கள். பஞ்சு நீலமாக ஒளிர்ந்தால் சலவைத்தூளின் ஒளிர்ப்பான் அதில் ஏறியிருக்கிறது. மேலே எங்கோ வீட்டுக் கழிவு கலக்கிறது என்று பொருள்.

இயற்கைப் பொருளைப் பொறுத்தவரை, தாவரங்களில் நுரைக்கும் பொருளான சபோனினும் ஒரு பரப்புச் செயலியே. செவுளுக்கு அதன் மூலம் காடா ஆலையா என்று தெரியாது. சபோனின் நிறைந்த தாவரங்களை நசுக்கி நீரில் விட்டு மீன் பிடிக்கும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் இருந்திருக்கிறது. மரபான சோப்புக்கு ஒரு மெய்யான மேன்மை உண்டு: அது கடினநீரின் கால்சியத்தோடு சேர்ந்து திரிந்து படிவதால் நச்சுத்தன்மையை இழக்கிறது, ஆக்சிஜன் இல்லாத இடத்திலும் சிதைகிறது. ஆனால் அதிலும் சோடியம் இருக்கிறது, அதனால் தோட்டத்துக்கு அது முழு விடையல்ல.

தோட்டக்காரன்

பாட்டில் சோதனையைச் செய்துவிட்டேன். நல்ல பாத்தி மண்ணின் மேல் நீர் காலையில் தெளிந்திருந்தது. பாட்டிலுக்குப் பின்னால் வைத்த செய்தித்தாளை எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது. சலவைநீர் பாய்ந்த மண்ணின் பாட்டில் இரண்டாம் நாள் மாலையிலும் கலங்கலாகவே நிற்கிறது. என் கையாலேயே மூன்று ஆண்டுகள் ஊற்றிச் செய்தது இது என்று நினைக்கும்போது வேதனையாக இருக்கிறது. அட்டையைப் பார்த்தேன், வெளுப்பான் பெர்போரேட் என்றே போட்டிருக்கிறது. இந்த மண்ணை மீட்க முடியுமா?

மண்வாசனை

மீட்க முடியும், பொறுமை வேண்டும். பாத்திக்கு ஜிப்சம் இட்டு மேல்மண்ணோடு கலந்துவிடுங்கள். அதன் கால்சியம் சோடியத்தைத் தகடுகளிலிருந்து தள்ளிவிடும். தள்ளப்பட்ட சோடியம் வேருக்குக் கீழே போக வேண்டும், அதனால் நல்ல நீரை மெதுவாக, விட்டுவிட்டுப் பாய்ச்சி வடியவிடுங்கள். வடிகால் இல்லாவிட்டால் ஜிப்சம் இட்டும் பயனில்லை. போரானும் அந்த நீரோடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், ஆனால் சோடியத்தைவிட மெதுவாக. கருகிய இலைகளை அடியில் உதிரவிடாமல் அப்புறப்படுத்துங்கள், ஏனெனில் போரான் அவற்றில்தான் சேர்ந்திருக்கிறது.

இனிமேல் தூள் கரைத்த முதல் நீரைத் தோட்டத்துக்கு விடாமல், கடைசி அலசல் நீரை மட்டும் விடுங்கள்; உப்பின் பெரும்பகுதி முதல் நீரில்தான் போகிறது. ஒரே பாத்திக்குத் தொடர்ந்து விடாமல் இடம் மாற்றுங்கள். மூன்று மாதம் கழித்து அதே பாட்டில் சோதனையைச் செய்து, செய்தித்தாள் தெரிகிறதா என்று இங்கே எழுதுங்கள்.